எங்கள் மாடிக்கு வராத காக்கைகள்

அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வாய் தானாக ஒரு தடவை சொல்லிப் பார்க்கும், சொன்னால் காது வாசல் பக்கம் போகும். அந்தக் கஷ்டம் எனக்கு வேண்டாம். நாய் என்று எழுதவும் கை வரவில்லை. அவன் என்றே எழுதுகிறேன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் முற்பகலில் அவன் செத்துப்போனான். நான் அடுப்பில் புளிக்குழம்பு வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவன் மாடிப்படிக்குக் கீழே, முதல் படியில் தாடையை வைத்துப் படுத்திருந்தான். கடைசி மாதங்களில் அதுதான் அவனுடைய இடம். பின்னங்கால் இரண்டும் போய்விட்டதால் மேலே ஏற முடியாது. ஆனாலும் மொட்டைமாடியில் என்ன நடக்கிறது என்று துரையவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். கால்நடை டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, வயசாகிவிட்டது, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, இனிமேல் ஊசி போட்டு இம்சைப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்தேன். வயிறு ஏறி இறங்கவில்லை.

"இங்கன வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கழுத்தில் கையை வைத்து "லே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "ஏலே" என்றார். வைத்த கையை எடுக்கவே இல்லை. நானும் படியில் உட்கார்ந்துகொண்டேன்.

தச்சநல்லூரில் எங்கள் வீடு வரிசை வீடுகளில் ஒன்று. பின்னால் ஒரு சேலையை விரித்துப் போடுகிற அளவுக்குத்தான் மண் தரை. ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. அதன் பக்கத்தில் அவரே குழி வெட்டினார். ஆள் யாரையாவது கூப்பிடலாம் என்றேன். "எவனும் வேண்டாம்" என்றார். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டிய மனுஷன், மண்வெட்டி பிடித்துப் பழக்கம் கிடையாது. இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்துவிட்டது. போன தீபாவளிக்கு மருமகன் எடுத்துக் கொடுத்த வேட்டியை மடிப்புக் கலைக்காமல் பீரோவில் வைத்திருந்தார். அதைத்தான் எடுத்துவந்து அவனைச் சுற்றினார். நான் உப்பும் மஞ்சளும் கொண்டுவந்து போட்டேன். மறுநாள் காலையில் பின்பக்கம் போனபோது மண்மேல் பால் ஊற்றியிருந்த ஈரம் தெரிந்தது. ஃப்ரிட்ஜில் காபிக்குப் பால் இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் கடுங்காப்பி குடித்தோம்.

எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே துட்டி கேட்டு வரும். வருகிற பெண்கள் கட்டிக்கொண்டு அழுவார்கள். வராதவர்களை வருஷக்கணக்காக மறக்க மாட்டோம். அவனுக்கு யார் துட்டி கேட்டு வருவார்கள்? தெருவில் பார்த்தவர்கள், "நாய் செத்துட்டாமே, நல்ல குட்டியா ஒண்ணு வாங்கிருங்க" என்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். துட்டி இல்லாத சாவு எவ்வளவு கொடுமை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அழுவதற்கு ஒரு தோள் கிடையாது, அழலாம் என்று ஒரு நாள் கிடையாது. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவனுடைய எவர்சில்வர் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தேன். மறுநாளும் எடுத்துத் தேய்த்தேன்.

அவர் அழவே இல்லை. அதுகூடப் பரவாயில்லை, அவன் செத்துவிட்டான் என்று ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவனுக்குக் கால் போகிற வரைக்கும் தினமும் காலையில் இரண்டு பேரும் டீக்கடைக்குப் போய்வருவது வழக்கம். இவருக்கு டீ, அவனுக்கு ரஸ்க். அவன் போன பிறகு இவர் அந்தக் கடையை விட்டுவிட்டு, பாலம் தாண்டி வேறொரு கடைக்கு நடக்க ஆரம்பித்தார். பழைய கடைக்காரர் "எப்படி இருக்கான் அண்ணாச்சி உங்க ஆளு?" என்று கேட்டுவிடுவாரே, அதற்காக.

கடைக்காரரிடம் சொல்லாவிட்டால் போகிறது. பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள், அப்போது மாசமாக இருந்தாள். அவனை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழைத்தண்ணீரில் கிடந்த குட்டியை சைக்கிள் கூடையில் போட்டு, மேலே தன் தாவணியை மூடிக் கொண்டுவந்தாள். அன்றைக்கு நான் போட்ட கூப்பாடு தெருமுனை வரை கேட்டது. 'நாய் இருந்தால் நான் இருக்க மாட்டேன்' என்றேன். இரண்டு பேரும் இருந்தோம்.

ஒருநாள் விட்டு ஒருநாள் அவள் வீடியோவில் கூப்பிடுவாள். என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு, "அப்பாகிட்ட குடுங்க, அவனைப் பாக்கணும்" என்பாள்.

"தூங்குதாம்மா. இப்பதான் கண் அசந்தான்" என்பார் இவர்.

"எப்பப் பாத்தாலும் தூங்குதானா?"

"வயசாயிட்டுல்லா."

போனை வைத்த பிறகு நான் விடமாட்டேன். "எத்தனை நாளைக்கு அவனைத் தூங்க வைக்கப் போறீங்க?" என்பேன்.

"பிள்ளைத்தாச்சிகிட்ட சாவுச் செய்தி சொல்லப்படாது. உனக்குத் தெரியாதாக்கும்" என்பார்.

சொல்லக்கூடாதுதான். அந்த வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் டீக்கடைக்காரர் பிள்ளைத்தாய்ச்சி இல்லையே. மகளுடைய மனசு தாங்காது என்று இவர் சொன்னதெல்லாம் தன் மனசைத்தான். ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நடந்ததாகிவிடும், சொல்லாத வரைக்கும் அவன் எங்கேயோ ஒரு அறையில் தூங்கிக்கொண்டிருப்பான். இவர் சாப்பாடு பாதியாகிப் போயிற்று. ராத்திரி படுக்கப் போகும்போது கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுற்றிப் போவார், முன்பெல்லாம் அவன் படுத்துக்கிடக்கிற இடத்தை மிதிக்காமல். இந்த மனுஷனும் பைய என் கையை விட்டுப் போய்விடுவாரோ என்று நான் பயந்துபோனேன்.

இனிமேல் காக்கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அமாவாசைக்கு அமாவாசை செத்துப்போனவர்களுக்குச் சோறு வைத்து, காக்கை வந்து எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பிடுவோம். குட்டி வந்த பிறகு வந்த முதல் அமாவாசைக்கு இவர் மாடிக் கைப்பிடிச் சுவரில் இலையை வைத்து "கா கா" என்று கூப்பிட்டார். காக்கை வந்தது, பின்னாலேயே இவனும் வந்தான். சுவருக்கு எட்டாத உயரத்தில் இருந்துகொண்டு அவன் குரைத்த குரைப்பில் காக்கைகள் ஜங்ஷன் பக்கம் போய்விட்டன. அடுத்த அமாவாசைக்குக் கீழே கட்டிப் போட்டோம். கட்டினபடியே குரைத்தான். அதற்கடுத்த அமாவாசைக்கு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம், கதவைப் பிறாண்டித் தள்ளிவிட்டான். கடைசியில் இலையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போக வேண்டியதாயிற்று. அதிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் பக்கத்து வீட்டில்தான் சாப்பிட்டார்கள். "பெத்த பிள்ளை வீடு இருக்க, கண்டவங்க வீட்டுல கையேந்த வச்சுட்டானே உங்க செல்லப்பிள்ளை" என்று நான் சொல்லிக் காட்டுவேன். இவர் சிரித்துக்கொண்டே, "காவல்னா அதுதாண்டி காவல்" என்பார்.

அதில் எனக்கும் லாபம் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பங்குனி, சித்திரையில் கூழ்வற்றல் பிழிந்து மாடியில் காயப்போட்டால் ஒரு காக்கை வாய் வைக்காது. தெருவில் பாதிப் பெண்கள் அவரவர் வற்றலை எங்கள் மாடியில்தான் கொண்டுவந்து காயப்போடுவார்கள். அவனும் நிழல் பார்த்துப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி கிடப்பான்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்கிற திமிர் அவனுக்கு. ஆனால் யாராவது "கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் படியில் நகங்கள் சறுக்கச் சறுக்க மாடிக்குப் பாய்வான். குளிப்பாட்டப் பிடிக்க முடியாமல் போனால், மகள் மாடியில் நின்று "கா" என்பாள், ஐயா ஓடி வந்து மாட்டிக்கொள்வார். கால் போன பிறகும், பக்கத்து வீட்டு மாடியில் யாராவது காக்கையைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டால் முன்னங்காலை முதல் படியில் தூக்கி வைப்பான். அடுத்த படிக்கு முடியாது. அங்கேயே நின்று ஒரு குரைப்புக் குரைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அவன் போனதற்குப் பிறகு ஆடி அமாவாசை வந்தது. முந்தின நாளே இவர் சொன்னார், "இந்தத் தடவை அவனுக்கும் ஒரு இலை போடு."

அவனைப் பற்றி இவர் வாய் திறந்ததே பெரிய விஷயமாக இருந்தது.

காலையில் குறுக்குத்துறைக்குப் போனோம். ஆற்றில் ஓரளவுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படித்துறை முழுக்க ஜனம், எள்ளும் வாழையிலையும் பழைய துணியும் மிதந்தன. ஆற்றில் குளித்துப் பாவத்தைத் தொலைக்க வந்தவர்கள் துணியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு எதைப் பார்த்தாலும் கோபமாகத்தான் வந்தது. நான் மேல்படியில் உட்கார்ந்திருந்தேன். தர்ப்பணம் பண்ணிவைத்தவர் இவருடைய அப்பா வழி, அம்மா வழிப் பெயர்களை எல்லாம் கேட்டுச் சொல்லவைத்தார். முடிவில், உறவு முறையில் வராதவர்கள், வேண்டியவர்கள் யாருக்காவது விட வேண்டுமா என்று கேட்டார். இவர் தலையை ஆட்டினார்.

"பேரைச் சொல்லுங்க."

இவர் உள்ளங்கையில் எள்ளோடு நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, மனசுல நெனச்சுக்கிட்டு விடுங்க" என்றார் அவர்.

இவர் விட்டார். கையிலிருந்த எள் எல்லாம் போன பிறகும் தண்ணீரை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்றவர்தான் தோளைத் தொட்டு நகரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பழைய டீக்கடை முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு ரஸ்க் வாங்கினார். கடைக்காரர் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபடியே, "இன்னும் நடக்க முடியலையா அண்ணாச்சி அவனுக்கு?" என்று கேட்டார். "ஆமா" என்றார் இவர். வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த நான் இவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அமாவாசைச் சமையலோடு, பூண்டு போடாமல் கொஞ்சம் உளுந்தஞ்சோறும் பொங்கியிருந்தேன். குக்கர் சத்தம் அடங்கி அந்த வாசம் வந்தாலே அடுக்களை வாசலில் வந்து நின்றுகொள்வான். அன்றைக்கும் மூடியைத் திறந்துவிட்டு வாசலைப் பார்த்தேன்.

மாடியில் சுவர்மேல் இவர் தன் அம்மா அப்பாவுக்கு இலையை வைத்தார். அதிலிருந்து நாலடி தள்ளிச் சின்ன இலையை வைத்து, உளுந்தஞ்சோறும் ரஸ்கும் வைத்தார்.

"ஏன் அவ்வளவு தள்ளி?" என்றேன்.

"அம்மாவுக்கு நாய் ஆகாதுல்லா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் மாமியார் நாய் முகர்ந்த பானையைத் தெருவில் வீசுகிற ஆள். செத்த பிறகும் அம்மாவுக்குப் பயப்படுகிற பிள்ளை.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "கா" என்று ஒரு தடவை கூப்பிட்டார்.

கூப்பிட்டதும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படிவாசலைத் திரும்பிப் பார்த்தோம். நகங்கள் சறுக்குகிற சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். கீழே வீடு அமைதியாக இருந்தது. இவர் அடுத்த "கா"வைச் சொல்லவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான்தான் கூப்பிட்டேன். பாதிச் சத்தம்தான் வந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் காக்கைகள் இருந்தன. இலையைப் பார்த்தன, எங்கள் படிவாசலைப் பார்த்தன. ஒன்று சுவர் வரைக்கும் பறந்து வந்து, உட்காராமலே திரும்பிப் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்தது அவற்றுக்குத் தெரியவில்லை. அவன் இன்னும் படிக்குக் கீழே இருப்பதாகவே அவை நினைத்துக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுப் பெண் துணி காயப்போட மேலே வந்தவள், எங்களைப் பார்த்துவிட்டு, "மதினி, வழக்கம்போல இங்கன கொண்டாங்க. சட்டுனு வந்து எடுத்துரும்" என்றாள்.

இவர் பெரிய இலையை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் தன் மாடிச் சுவரில் வைத்த மாத்திரத்தில் காக்கைகள் இறங்கித் தின்ன ஆரம்பித்தன. அவள் சின்ன இலைக்கும் கையை நீட்டினாள்.

"இது வேண்டாம்மா. இவனுக்கு இங்கனதான்" என்றார்.

அவள் என்னைப் பார்த்துவிட்டுக் கீழே போய்விட்டாள். வெயில் ஏறியது. காலையிலிருந்து இவர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்கிறார், சர்க்கரை உள்ள உடம்பு.

"பெரியவங்க சாப்பிட்டாச்சுல்லா. வாங்க கீழ" என்றேன்.

"நீ போய்ச் சாப்பிடு. நான் இருக்கேன்."

"அதுக வராது."

"வரும்."

எனக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்துவிட்டது. "எப்படி வரும்? அவன் கீழ படுத்திருக்கான்னு அதுக நெனைக்கு. நீங்களும் அப்படித்தான நெனைக்கீங்க. டீக்கடையில கேட்டா நடக்க முடியலைங்கீங்க, பிள்ள கேட்டா தூங்குதாங்கீங்க. அதுகளுக்கு மட்டும் யாரு போய்ச் சொல்லுவா?"

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரொம்ப நேரம் அந்தச் சின்ன இலையையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்படிப் பேசியிருக்க வேண்டாமோ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு காக்கை வந்து எங்கள் சுவரின் கடைசி முனையில் உட்கார்ந்தது. உட்கார்ந்து படிவாசலைப் பார்த்தது.

இவர் அதைப் பார்த்துப் பேசினார். கட்டிலில் கிடக்கிற நோயாளியிடம் பேசுகிற குரலில் பேசினார்.

"வா. பயப்படாத. அவன் வரமாட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் செத்துப் போயிட்டான்."

சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தோள் இரண்டும் குலுங்கியது. பெற்ற அம்மா செத்தபோதுகூட இந்த மனுஷன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையை என் தோளில் வைத்துக்கொண்டேன். அவனுக்கான துட்டியை நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் எங்களுக்குள் கேட்டுக்கொண்டோம்.

காக்கை ஒரு தத்துத் தத்தியது. நின்று பார்த்தது. இன்னொரு தத்துத் தத்தி இலைக்கு வந்து ரஸ்கைக் கொத்தியது. பிறகு தலையைத் தூக்கிக் கரைந்தது. தொட்டியில் இருந்த மற்றவையும் ஒவ்வொன்றாக எங்கள் சுவரில் வந்து இறங்கின.

காக்கை எடுத்துவிட்டால் போனவர்களுக்குத் திருப்தி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவை பயந்துகொண்டிருந்த வரைக்கும் அவனுக்கு இந்த வீட்டில் ஒரு இடம் இருந்தது. அது முடிந்துபோயிற்று. எழுந்து விரட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை பரபரத்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

இவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். வீடியோ வேண்டாம் என்று சாதாரணமாகவே மகளைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"என்னப்பா, விரதம் முடிஞ்சுதா? சாப்பிட்டீங்களா?"

"இனிமேத்தான்மா."

இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சுவரில் காக்கைகள் விடாமல் கரைந்தன. நான் சொல்லட்டுமா என்று சைகை காட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அப்பா, எங்க இருக்கீங்க? காக்கா சத்தமா கேக்கு."

"மாடியில இருக்கேன்."

"பக்கத்து வீட்டு மாடியிலயா?"

"இல்லம்மா. நம்ம மாடியிலதான்."

அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்பப்பா?" என்று கேட்டாள்.

இவர் படிவாசலைப் பார்த்தபடியே, நான் குழம்பு இறக்கி வைத்ததிலிருந்து ஒவ்வொன்றாக அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.